வளைவுக்குள் வைத்த குறி

1970 நவம்பர் 1, ஞாயிறு

லோகு இந்த நோட்டைக் கொடுத்து, "அப்பத்தா, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எத்தனை செகண்டுன்னு இதுல எழுதி வெச்சிருங்க. வண்டிக்கு என்னென்ன பண்ணுனமோ அதையும் எழுதுங்க. அப்பறம் நான் வாங்கிப் பாத்துக்கறன்" என்றான். லோகநாதன் என் மகன் தெய்வசிகாமணிக்கு மூத்த பையன். எஞ்சின் படிப்பு முடித்துவிட்டு, இரும்பு வார்க்கிற எங்கள் பவுண்டரியிலேயே இருக்கிறான். ஸ்டாப் வாட்சை என் கழுத்தில் அவனே மாட்டிவிட்டான்.

பல்லடம் ரோட்டுக்கு அந்தப்பக்கம் பட்டாளத்தார் விட்டுப்போன பழைய விமான ஓடுதளம். கால் மைல் தூரம். நின்ற இடத்திலிருந்து கார் கிளம்பி நேராக ஓட வேண்டும், அவ்வளவுதான் பந்தயம்.

இன்றைக்கு ஒத்திகைதான். முதல் ஓட்டம் 23 செகண்டு, அதன்மேல் அஞ்சில் மூணு. இரண்டாவது 23, அஞ்சில் இரண்டு. மூன்றாவது ஓடும்போது ஒரு மயில் ஓடுதளத்தைக் கடந்தது. அதைப் பார்த்ததில் பொத்தானை அமுக்க மறந்துவிட்டேன். இருபத்து மூன்றரை என்று சொல்லிவிட்டேன்.

"அப்பத்தா, இந்த வாட்சுல அரை கெடையாதுங்களே. ஒரு செகண்ட அஞ்சாப் பிரிச்சுத்தான காட்டும்?"

"அப்ப நீயே எண்ணிக்க."

சிரித்தான். எதிராளியின் பொய்யைக் கண்டுபிடித்துச் சிரிக்கும்போது அவன் தாத்தா மாதிரியே இருக்கிறான்.

நவம்பர் 4, புதன்

இட்லிக்கு ஊறப்போட்டேன். உலைக்கு இரண்டு லோடு கோக் கரி வந்தது. ஒன்று ஈரம், திருப்பி அனுப்பிவிட்டேன். தெய்வசிகாமணி இரும்பு வாங்க பம்பாய் போயிருக்கிறான், திரும்ப மாசக் கடைசி ஆகும். அதுவரை பவுண்டரி என் பொறுப்பு.

மத்தியானம் லோகு விதிப் புத்தகத்தைப் படித்துக் காட்டினான். அமெரிக்காவில் எட்டு சிலிண்டர் வைத்த யானை மாதிரி வண்டிகளை இப்படிக் கால் மைல் விரட்டுகிறார்களாம். அந்த ஊர் விதியைப் பார்த்து நம் ஊர் கிளப்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். லோகு சேர்ந்திருப்பது ஸ்டாக் கிளாஸ். கடையிலிருந்து வந்தபடியே ஓட்டுகிற வகுப்பு. புகை போகிற வழிக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். சைலன்ஸர் கழற்றக் கூடாது. குழாய் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. புகை வண்டிக்குப் பின்னால்தான் வர வேண்டும், பக்கவாட்டில் விடக் கூடாது. மேனிபோல்டு கம்பெனி வார்த்ததாக, கம்பெனி நம்பர் உள்ளதாக இருக்க வேண்டும். உள்ளே அரம் தொடக் கூடாது.

மேனிபோல்டு என்பது எஞ்சினின் நாலு வாயிலிருந்தும் வருகிற புகையைச் சேர்த்து ஒரே குழாயில் விடுகிற வார்ப்பு. பார்க்க நாலு விரலும் மணிக்கட்டும் போல இருக்கும்.

"இத்தினிக்கூண்டு சாமானுக்கு இத்தனை சட்டமா?"

"அங்கதானுங்க அப்பத்தா எல்லாம் இருக்குது. புகை வெசையா வெளிய போனா வண்டி வெசையா முன்ன போகும். உள்ள ஓட்டை பெருசா இருந்தா ஒரு செகண்டு கொறையும். அதனாலதான் கள்ளத்தனம் பண்றவன் மொதல்ல அங்கதான் கை வெப்பான்."

நவம்பர் 8, ஞாயிறு

மனசு சரியில்லை. இரண்டாவது ஓட்டத்தில் வண்டி இரும ஆரம்பித்தது. மூடியைத் திறந்து பார்த்தால் மேனிபோல்டில் மூன்றாவது விரலின் அடியில் விரிசல். கம்பெனி சாமான் வேண்டுமென்றால் எழுதிப்போட்டு நாலு மாதம் காத்திருக்க வேண்டும். பந்தயம் இருபத்திரண்டாம் தேதி. இதில் முதலாவதாக வருகிறவனைத்தான் டிசம்பரில் மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் நடக்கிற பெரிய பந்தயத்துக்கு அனுப்புகிறார்கள்.

இதே மாடல் டாக்ஸிகளுக்கு நாங்கள் மேனிபோல்டு வார்த்து விற்கிறோம். அச்சு இருக்கிறது, கோர் பெட்டி இருக்கிறது. ஆனால் அதில் எங்கள் பவுண்டரி எழுத்து இருக்கும். ஸ்டாக் கிளாஸில் செல்லாது.

ரகுபதி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான். மில்காரர் வீட்டுப் பேரன். அவனும் இதே மாடல் வண்டிதான் ஓட்டுகிறான். கூட வந்தவனிடம் மெதுவாகச் சொல்வது போல உரக்கச் சொன்னான்:

"கோர்க்காரி வீட்டு வண்டி. ஒடைஞ்சா என்ன, ஊட்லயே ஊத்திக்குவாங்க."

லோகு, "ரகு, பேசறதப் பாத்துப் பேசு" என்றான். வாட்சை நிறுத்தினேன். அது அதுவரை ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

நவம்பர் 9, திங்கள்

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அவன் தாத்தாவின் பவுண்டரியில் ஒன்பது வருஷம் கோர் அடித்தவள்தான் நான். மணலையும் எண்ணெயையும் பிசைந்து மரப்பெட்டியில் அடித்து, பிரித்து, சூளையில் சுட்டு எடுத்தால் கோர். அதை அச்சுக்குள் வைத்து இரும்பை ஊற்றுவார்கள். கோர் இருந்த இடம் வார்ப்புக்குள் வெற்றிடமாகும், கோர் பருத்தால் ஓட்டையும் பெருகும். வெளி அழகு அச்சுக்காரன் கையில், உள் அளவு கோர்க்காரி கையில்.

அங்கே ஐம்பது பெண்கள். யார் கோர் உடைந்தது என்று தெரிய ஒவ்வொருத்தியும் ஒரு குறி வைக்க வேண்டும். என்னுடையது மூன்று நகத்தை அழுத்தி விழுகிற மூன்று பிறை. மோதிர விரல் நகம் சின்ன வயதிலேயே பிளந்துவிட்டது, அதனால் மூன்றாவது பிறையின் நடுவில் ஒரு இடைவெளி விழும். குறியைக் கோரின் தலையில், அச்சில் உட்காருகிற முனையில்தான் வைப்போம். தலை அச்சு மணலுக்குள் புதைந்துவிடும், இரும்பு அதைத் தொடாது. வார்ப்பு வெளியே வரும்போது குறியும் இருக்காது, அடித்தவளும் இருக்க மாட்டாள்.

என் வீட்டுக்காரர் தனியாகப் பட்டறை போட்டபோது நானும் அங்கே வேலையை விட்டு நின்றுகொண்டேன். பெரிய முதலாளி சிரித்தார். "இவ கை போனா எனக்கு இன்னொரு கை."

சமையல்காரி பருப்பில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

நவம்பர் 10, செவ்வாய்

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. கோர் ஷெட்டுக்குப் போனேன். டாக்ஸி மேனிபோல்டின் கோர் பெட்டி உள்ளே சொரசொரப்பாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கொஞ்சம் அதிகமாகவே தேய்ந்திருக்கலாம். கண் முன்பு மாதிரி தெரிவதில்லை.

இருபது வருஷம் கழித்து மணலில் கை வைக்கிறேன். பிசைந்து பிடித்ததும் உருண்டை உடையாமல் நின்றது. அங்கே வேலை செய்கிற பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "மொதலாளியம்மா, எங்களுக்குச் சொன்னா அடிக்க மாட்டமா?" என்று ஒருத்தி கேட்டாள். போய் வேலையைப் பார் என்றேன்.

இரண்டு கோர் அடித்தேன். ஒன்றில் வளைவு நொறுங்கியது. மற்றது நல்லபடியாக வந்தது.

நவம்பர் 12, வியாழன்

உலை பற்ற வைத்த நாள். காலை பதினொரு மணிக்கு முதல் இரும்பு. அச்சுக்காரரிடம் ஒரு அச்சு மட்டும் தனியாகக் கட்டச் சொன்னேன். எங்கள் எழுத்து இருந்த இடத்தில் விரிசல் விட்ட பழைய சாமானிலிருந்த நம்பரை மெழுகில் பதித்து வைத்தோம். அவர் என் முகத்தைப் பார்த்தார். "பாக்கறக்கு லட்சணமா இருக்கட்டுமுன்னுதான்" என்றேன். தெய்வசிகாமணி வந்தால் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

புது இரும்பு வெளுத்துப்போய் இருந்தது. உப்புத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன்.

நவம்பர் 14, சனி

லோகுவிடம் கொடுத்தேன். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில், மோதி நசுங்கின வண்டியிலிருந்து கழற்றியது என்றேன். துரு, நம்பர், எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கம்பெனி சாமானே கெடைச்சிருச்சுங்களா! அப்பத்தா, உங்க காலைக் காட்டுங்க."

நிஜமாகவே குனிந்து தொட்டான். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். மிளகு ரசம் வைத்துக் குடித்தேன்.

நவம்பர் 15, ஞாயிறு

22, அஞ்சில் நாலு. 22, அஞ்சில் மூணு. மறுபடியும் 22, அஞ்சில் மூணு.

சரியாகத்தான் அமுக்கினேன்.

நவம்பர் 22, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாலாயிரம் பேர் இருப்பார்கள். கடலை வண்டி, ஐஸ் வண்டி, மரத்து மேலெல்லாம் ஆள். கடைசி ஓட்டம் லோகுவுக்கும் ரகுபதிக்கும். கொடி இறங்கியதும் இரண்டும் ஒன்றாகத்தான் கிளம்பின. பாதி தூரத்துக்கு அப்புறம் நம் வெள்ளை வண்டி ஒரு வண்டி நீளம் முன்னால் போய்விட்டது. 22, அஞ்சில் இரண்டு. நான் கத்தியிருக்கிறேன் போல, பக்கத்திலிருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

பத்து நிமிஷத்தில் ரகுபதி எழுதிக் கொடுத்துவிட்டான், புகைவழியைச் சோதிக்க வேண்டும் என்று. அது விதியில் இருக்கிறது. சோதனைக்காரர் யாரென்று பார்த்தால் அருளப்பன். அந்த நாளில் மில்காரர் பவுண்டரியில் மர அச்சு செய்தவர். என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

மேனிபோல்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்கள். நம்பரைப் பார்த்தார், சரி. பிறகு ஒரு இரும்புக் குண்டை எடுத்தார். கம்பெனி சாமானுக்குள் அது நுழையாதாம். மேனிபோல்டின் ஒரு வாயில் வைத்தார். குடுகுடுவென்று ஓடி அந்த வார்ப்பின் மணிக்கட்டு வழியாக அவர் உள்ளங்கையில் விழுந்தது.

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு வளைவுக்குள் விரலை விட்டுத் தடவினார். தடவிய விரல் ஒரு இடத்தில் நின்றது. மறுபடியும் தடவினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது கம்பெனி சாமானா?"

"ஆமாங்க."

"அரம் போட்ட தடம் இல்லை. அப்படியே வார்த்திருக்குது. உள்ள ஒரு குறியும் இருக்குது. நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு."

"கம்பெனி சாமான்தானுங்க. நான் அரம் தொடுல. எங்கப்பத்தா மேல சத்தியமுங்க."

நான் மூன்றடி தள்ளி நின்றேன். வாட்ச் கழுத்தில் தொங்கியது. வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

நவம்பர் 23, திங்கள்

மழை. லோகு சாப்பிட வரவில்லை. உக்கடத்துக்குப் போய்க் கடை கடையாகக் கேட்டிருக்கிறான். அப்படி ஒரு சாமானை யாரும் விற்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"எந்தக் கடைங்க அப்பத்தா?"

"பேரு ஞாபகமில்லடா கண்ணு."

நவம்பர் 25, புதன்

அருளப்பன் வந்தார். காப்பி கொடுத்தேன். ஆறும்வரை தொடவில்லை.

"அம்மிணி, சனிக்கெழமை கமிட்டி கூடுது. பையன் மேல ரெண்டு குத்தம். சாமானு ஒண்ணு, பொய்ச் சத்தியம் ஒண்ணு. மூணு வருசத்துக்கு எந்த ஊர்லயும் ஓட்ட முடியாது. பேப்பர்லயும் பேரு வரும்."

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"எனக்குத் தெரியுது. என்ற கண்ணுக்கு அந்த ஒடைஞ்ச நகம் தெரியாதா? ஒன்பது வருசம் பாத்தது. நானே சொல்லிப்போடுவன். ஆனா நீங்களே வந்து சொன்னா நெம்ப நல்லாருக்கும்."

போகும்போது வாசலில் நின்று, "நல்ல வார்ப்புங்க அம்மிணி. ஒரு சொட்டைகூட இல்லை" என்றார்.

அது கேட்டு எனக்கு எழுந்த சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

நவம்பர் 28, சனி

ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் கிளப் ஆபீஸ். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பல் டாக்டர். ஒரு பக்கம் ரகுபதி, இன்னொரு பக்கம் அருளப்பன். அறுத்து இரண்டாக்கின மேனிபோல்டு மேஜை மேல் கிடந்தது. வளைவில் மூன்று பிறை எழும்பி நின்றன. என் நகம், இரும்பில். அதுவரை நானே பார்த்ததில்லை.

லோகுவைக் கேட்பதற்கு முன்னால் நான் எழுந்தேன். "அவனை உட்டுருங்க. வார்த்தது நான். நம்பர் வெச்சதும் நான். பழசுன்னு பொய் சொல்லிக் குடுத்ததும் நான்" என்றேன்.

பேரனைக் காப்பாற்ற யாரும் அப்படிச் சொல்லலாம் என்றார் ஒருவர். டிபன் பாக்ஸைத் திறந்தேன். கோர் மணல் கொண்டுபோயிருந்தேன். மேஜை மேல் கொட்டித் தட்டி, மூன்று விரலையும் அமுக்கினேன். அருளப்பன் வார்ப்பைப் பக்கத்தில் வைத்தார். மூன்றாவது பிறையில் அதே இடைவெளி. எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

லோகு மட்டும் வரவில்லை.

"ஏம்மா, திருட்டுச் சாமானுக்கு யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"பழக்கமுங்க. எத்தனையோ வருசம் வெச்ச குறி. கை தானாப் போயிருச்சு."

அருளப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, "எழுதிக்குங்க, பழக்கத்தாலே" என்றார். என் பக்கம் பார்க்கவில்லை.

தீர்ப்பு: ஜெயித்தது செல்லாது, ரகுபதிக்குப் போகிறது. லோகுவின் மேல் குற்றமில்லை, தடையில்லை. நான் இனி ஓடுதளத்துக்குள் கால் வைக்கக் கூடாது.

வெளியே வரும்போது ரகுபதி வழிவிட்டு நின்றான். "அந்தக் குண்டு ஓடுன ஓட்டத்தப் பாத்தனுங்க பாட்டி. எங்க பவுண்டரில இப்ப அந்தக் கை ஆருக்கும் இல்லீங்க" என்றான். கிண்டல் இல்லை. நிஜமாகத்தான் சொன்னான். முப்பது வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த சொல் அது. என் பேரன் பக்கத்தில் தலை குனிந்து நிற்கும்போது அதைக் கேட்டேன்.

நவம்பர் 29, ஞாயிறு

லோகு வண்டியைத் துடைத்தான். என்னோடு பேசவில்லை.

நவம்பர் 30, திங்கள்

தெய்வசிகாமணி பம்பாயிலிருந்து வந்துவிட்டான். எல்லாம் கேள்விப்பட்டு, "ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். பிறகு குளிக்கப் போய்விட்டான்.

டிசம்பர் 1, செவ்வாய்

சாயங்காலம் கோர் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். லோகு வந்து எதிரே நின்றான். மூன்று நாளைக்கு அப்புறம் முதல் பேச்சு.

"அப்பத்தா, ஒண்ணு கேக்கோணும்."

"கேளு சாமி."

"நானும் இந்த ஷெட்டுலயே வளந்தவன்தானுங்க. குறி வெச்சா கோர் தலையிலதான வெப்பாங்க? தலை மணலுக்குள்ள போயிரும். இரும்புல விழாது."

நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழக்கத்துல கை போயிருந்தா தலைக்குத்தான போயிருக்கும்? இது எப்படி வளைவுக்குள்ள வந்துச்சுங்க?"

"கண்ணு செரியாத் தெரியலடா."

அவன் சிரிக்கவில்லை. அன்றைக்கு அரை செகண்டுக்குச் சிரித்தவன் இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"நான் உங்க மேல சத்தியம் பண்ணுனனுங்க" என்றான். "செரி. அந்த நோட்டைக் குடுங்க. டைமெல்லாம் பாக்கோணும். பழைய விரிசலை வெல்டிங் வெச்சு அதோடயே ஓட்டிப் பாக்கறன்."

நாளைக்குத் தருகிறேன் என்றேன். போய்விட்டான்.

இப்போது நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தேன். ஒன்பதாம் தேதி தலை, குறி, எல்லாவற்றையும் நானே எழுதி வைத்திருக்கிறேன். பத்தாம் தேதி உப்புத்தாள் என்று எழுதியிருக்கிறேன். உப்புத்தாள் இல்லை, அரம். பெட்டி அகலட்டும், கோர் பருக்கட்டும் என்று முக்கால் மணி நேரம் போட்டேன். கண் நன்றாகத்தான் தெரிந்தது.

இரண்டு கோர் அடித்தேன் என்று எழுதியதும் பாதிதான் உண்மை. வளைவு நொறுங்கியது தானாக நொறுங்கவில்லை. முதல் கோரில் குறி வைக்காமல் சூளைப் பலகையில் வைத்துவிட்டேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்தேன். வெளியே கம்பெனி நம்பர், ஓட்டுவது பேரன், ஜெயித்தால் கைதட்டு வண்டிக்கு. அடித்தவள் எங்கே? கையால் அழுத்தி அதை உடைத்தேன். இரண்டாவது அடித்தேன். சூளைக்குப் போகும் முன்பே, பச்சை மணலில் வளைவுக்குள், இரும்பு தொடுகிற இடமாகப் பார்த்து மூன்று நகத்தையும் வைத்தேன். என்றைக்காவது யாராவது விரல் விட்டுத் தடவினால் தெரியட்டும் என்று வைத்தேன். தடவினால் லோகு என்ன ஆவான் என்பதும் அப்போதே தெரியும்.

கை தானாகப் போகவில்லை.

இந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம். நூல் தைத்த நோட்டு, ஒரு பக்கம் போனால் தெரியாது. கிழிக்கவில்லை. காலையில் அவன் எழுவதற்கு முன்னால் வண்டியின் முன் சீட்டில் இதை வைத்துவிடுவேன். அவன் கேட்ட செகண்டுக் கணக்கெல்லாம் இதில் இருக்கிறது. முதல் நாள் மூன்றாவது ஓட்டத்துக்கு மட்டும் நேரம் இல்லை. அதை நான் எண்ணவில்லை.